நடுக்கம் உறுதி செய்யப்பட்டது

இசக்கியப்பன் அரசாங்கத்திடம் கேட்டது ஒரு நல்ல வெட்டரிவாளும் இரண்டு ஆளும்தான். அரசாங்கத்துக்குத் தாராள மனசு. ஒரு திட்டத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டது.

உப்பு மூட்டை சுமந்து சுமந்து இடுப்பு விட்டுப்போன பிறகு ஆடு வளர்த்துப் பிழைக்கிற மனிதர் அவர். முத்தையாபுரத்துக்குத் தெற்கே முள்ளுவிளையில் வீடு. ஊருக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடக்கிற மேய்ச்சல் புறம்போக்குதான் ஊர் ஆடுகளுக்கெல்லாம் சாப்பாட்டுக்கடை. அதில் கொஞ்ச வருஷமாக நெய்வேலிக் காட்டாமணக்கு புகுந்து ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கோடையில் புல் பூண்டெல்லாம் கருகினாலும் அது மட்டும் பச்சையாக நின்று ஊதாப் பூ பூக்கும். ஆடு முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பசி முற்றினால் ஒரு கடி கடிக்கும். அப்புறம் சாராயக்கடைக்குப் பழகின ஆள் மாதிரி அங்கேயே போய் நிற்கும். தலை ஆடும், பின்னங்கால் பின்னும், கடைசியில் ஒரு நாள் விழுந்துவிடும். அப்படி ஒரு சினை ஆடு செத்த ஆத்திரத்தில்தான் இசக்கியப்பன் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனார்.

அங்கே வேளாண்மைக்காரர்கள் இது பயிர் அல்ல என்றார்கள். கால்நடைக்காரர்கள் செத்தது ஆடுதான் என்றாலும் கொன்றது செடி, செடிக்கு நாங்கள் வைத்தியம் பார்ப்பதில்லை என்றார்கள். வருவாய்த்துறை, மண் எங்களுடையது, மண்ணுக்கு மேலே முளைப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றது. வனத்துறை அதை மரமாக ஏற்க மறுத்தது. யாருக்கும் சொந்தமில்லாத செடியாக இருந்ததால் அதற்கென்றே ஒரு அலுவலகம் பிறந்தது. மேய்ச்சல் நில நச்சுத்தாவர ஒழிப்புச் சிறப்புத் திட்ட அலுவலகம் என்று பெயர். செல்போன் கடைக்கு மேலே மாடி, பின்பக்கம் ஒரு முற்றம். ஜெயகணேஷ் என்கிறவர் திட்ட அலுவலர். எமில்டா என்கிற கடற்கரைப் பெண் கள உதவியாளர்.

தொடக்க விழா மார்ச் மாதக் கடைசியில் புறம்போக்கிலேயே நடந்தது. ஒரே ஒரு காட்டாமணக்கைத் தேர்ந்தெடுத்து, இலையில் படிந்திருந்த உப்புத்தூசியைத் துடைத்து, மாவிலைத் தோரணம் கட்டி, இரண்டு பக்கமும் வாழைமரம் நட்டிருந்தார்கள். ஒழிக்கப்படப்போகிற செடிக்கு ஊரில் எந்தப் பெண்ணுக்கும் நடக்காத அலங்காரம். சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி கண்ணாடி, கையுறை, முகமூடி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு நடந்துவர, முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் அலறி அடித்து அம்மா இடுப்பில் ஏறின. அவர் தெளிப்பானின் கைப்பிடியை அமுக்கினார். கைதட்டல் எழுந்தது. படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை அமுக்கினார். மறுபடியும் கைதட்டல் எழுந்தது.

பிறகு ஜெயகணேஷ் பேசினார்.

"மழை முடிந்து செடி துளிர்க்கும்போது களைக்கொல்லி தெளித்தால்தான் அது வேர் வரை இறங்கும், இப்போது காய்ந்த வெயிலில் தெளித்தால் இறங்காது என்று அறிவியல் சொல்கிறது. ஆனால் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. அறிவியல் பொறுத்துக்கொள்ளும், நிதியாண்டு பொறுத்துக்கொள்ளாது. மேலும் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். செடியை ஒரேயடியாக ஒழிப்பது இத்திட்டத்தின் நோக்கம் அல்ல. செடி ஒழிந்தால் திட்டமும் ஒழியும். அந்தத் தவற்றை முந்தைய திட்டங்கள் செய்தன."

இசக்கியப்பனும் கைதட்டினார். தட்டி முடித்த பிறகு எதற்குத் தட்டினோம் என்று யோசித்தார், பிடிபடவில்லை.

அடுத்து வந்ததுதான் வினை. மருந்து பட்ட செடி வாடும்போது இனிப்பாகும், ஆடு வழக்கத்தை விட அதிகமாக விரும்பித் தின்னும், அதனால் செடி முழுசாகக் காய்ந்து சாகும் வரை புறம்போக்கில் ஒரு ஆடும் கால் வைக்கக் கூடாது என்றார் ஜெயகணேஷ். இது இசக்கியப்பனுக்கே நியாயமாகப் பட்டது. ஒரு செடிக்குத்தானே தெளித்தீர்கள், அதைச் சுற்றி நாலு முள்ளை வெட்டிப் போட்டால் போதாதா என்று மட்டும் கேட்டார்.

"வேலி இரண்டாம் கட்டத்தில் வருது. முதல் கட்டத்தில் தடை மட்டும்தான்" என்றார் ஜெயகணேஷ்.

ஆட்டுக்காரர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். 'என் ஆடுகளுக்கு இந்த அறிவிப்பு வாசித்துக் காட்டப்பட்டது, அவை புரிந்துகொண்டன' என்று அதில் இருந்தது. இசக்கியப்பன் போட்டுவிட்டு, "சார், எங்கிட்ட ஒரு கெடா நிக்கி. அது சுடலைமாட சாமிக்கு நேந்துவிட்டது. அதுக்கும் நான் போடலாமா, இல்ல..." என்று இழுத்தார்.

"சாமிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றார் ஜெயகணேஷ். அவர் சிரிக்காமல் சொன்னதால் இசக்கியப்பனுக்கு அது வேடிக்கையா உத்தரவா என்று தெரியவில்லை.

அந்தக் கிடாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மகள் ரம்யாவுக்குக் குறைமாசத்தில் பிறந்த குழந்தையைப் பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். உள்ளங்கை அளவு இருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற இசக்கியப்பனுக்கு டாக்டரிடம் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை, அழவும் வரவில்லை. "சுடலை, இது பொழச்சா வார கொடைக்கு ஒனக்கு ஒரு செவலைக் கெடா" என்று மட்டும் சொன்னார். குழந்தை பிழைத்தது. இப்போது தவழ்ந்து போய் முற்றத்து மண்ணை அள்ளித் தின்கிறது. அது ஒவ்வொரு முறை தும்மும்போதும் இசக்கியப்பனுக்குக் கடன் ஞாபகம் வரும். சித்திரைக் கடைசி வெள்ளி சுடலைமாடன் கோயில் கொடை விழா. அன்றைக்குக் கிடாவைக் கொண்டுபோய் நிறுத்தாவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்கிற பயம் அவர் நெஞ்சுக்குள் கல்லாக உட்கார்ந்திருந்தது.

நேர்ந்துவிட்ட கிடாவுக்குக் கயிறு கிடையாது. யார் தோட்டத்தில் புகுந்தாலும் யாரும் அடிக்கமாட்டார்கள், சாமி மேய்கிறது என்று விட்டுவிடுவார்கள். அது கையெழுத்துப் போடாத கிடா வேறு. விழா முடிந்த மறுநாளே நேராகப் புறம்போக்கில் புகுந்து, வாழைமரம் இரண்டையும் முடித்துவிட்டு, செடியில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தில் வாய் வைத்திருந்தபோது எமில்டா பார்த்துவிட்டாள்.

தகவல் கேட்டதும் ஜெயகணேஷுக்கு முகமெல்லாம் பூரிப்பு. திட்டம் தொடங்கி ஒரு நாளில் முதல் நோயாளி. கிடாவை ஆட்டோவில் ஏற்றி அலுவலக முற்றத்தில் கட்டி, கண்காணிப்பின் அடையாளமாகக் காதில் மஞ்சள் வில்லை ஒன்றை மாட்டிவிட்டார்கள். வீட்டிலிருந்து ஓடிவந்த இசக்கியப்பனுக்கு மூச்சு இரைத்தது.

"சார், அது செடியத் திங்கல. தோரணத்தத்தான் தின்னுச்சு."

"அது எங்க தோரணம். கண்காணிப்புல இருக்கிற விலங்க விக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, வெட்டக் கூடாது. அறிகுறி இல்லேன்னு உறுதியான பிறகுதான் விடுவோம்."

"என்ன அறிகுறி சார்?"

"நடுக்கம்."

கிடா ஒரு நடுக்கமும் இல்லாமல் அசைபோட்டபடி நின்றது. ஜெயகணேஷ் நாற்காலி போட்டு அதன் எதிரே உட்கார்ந்து அதன் முகத்தையே பார்த்தார். கிடாவும் அவரைப் பார்த்தது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. பாவம் வாயில்லா ஜீவன் என்று எமில்டா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் முதுகில் ஊற்றினாள். கிடா தலையிலிருந்து வால் வரை உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது.

"நடுக்கம்!" என்று துள்ளி எழுந்தார் ஜெயகணேஷ்.

"சாமி!" என்று கீழே விழுந்து கும்பிட்டார் இசக்கியப்பன்.

சாமிக்கு வெட்டுகிற கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதம் சொல்லிவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாத கிடாவை யாரும் தொடமாட்டார்கள். ஆக, ஒரே சிலுப்பலில் அரசாங்கத்துக்கு நஞ்சும் இசக்கியப்பனுக்கு சாமி உத்தரவும் கிடைத்துவிட்டன. இருவரும் கண்கலங்கி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முற்றத்தில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

சந்தோஷம் எமில்டா வாயைத் திறக்கும் வரைதான். "அண்ணாச்சி, தண்ணி ஊத்தி அது நடுங்காம நின்னாத்தான் இனி விடுவாவ" என்றாள்.

இசக்கியப்பன் கும்பிட்ட கையை இறக்கினார். சிலுப்பினால் அலுவலகம் விடாது. சிலுப்பாவிட்டால் சாமி தொடாது.

ஒரு வாரத்தில் நிபுணர் குழு வந்தது. மூன்று பேர். ஒருவர், கிடா இடமிருந்து வலமாக நடுங்கியதா வலமிருந்து இடமாகவா என்று கேட்டார். இசக்கியப்பனின் மனைவி செல்லத்தாய் இதைப் பார்க்கவென்றே வந்து மதில் ஓரம் நின்றிருந்தாள். குழுவின் முன்னிலையில் தண்ணீர் ஊற்றினார்கள். கிடா சிலுப்பியது. பழக்க தோஷத்தில் செல்லத்தாய் குலவை விட்டாள். குழு திடுக்கிட்டுத் திரும்பி, நஞ்சு தாக்கிய விலங்கின் அருகில் வசிப்பவர்களிடம் விநோதமான ஒலி காணப்படுவதாகக் குறித்துக்கொண்டது.

இரண்டாவது நிபுணர் கெட்டிக்காரர். நஞ்சு படாத ஆட்டிலும் சோதித்து ஒப்பிட வேண்டும் என்றார். பக்கத்துத் தெருவிலிருந்து வீட்டுக்குள்ளேயே தவிடு தின்று வளர்ந்த வெள்ளாடு ஒன்றைப் பிடித்துவந்து தண்ணீர் ஊற்றினார்கள். அதுவும் சிலுப்பியது. குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முற்றத்தில் படுத்திருந்த நாய் மேல் மிச்சத் தண்ணீரை ஊற்றினார்கள். நாய் சிலுப்பிய சிலுப்பலில் மூன்று பேருடைய சட்டையும் நனைந்தது.

காட்டாமணக்கு நஞ்சு நாய் வரை பரவிவிட்டது, திட்டத்தை உடனே விரிவுபடுத்தாவிட்டால் மாவட்டம் தாங்காது என்பது குழுவின் முடிவு. மதியம் மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு அது ஒருமனதாக ஏற்கப்பட்டது.

அன்றைக்கு இசக்கியப்பன் படிக்கட்டில் உட்கார்ந்து தலையில் கைவைத்திருந்ததைப் பார்த்து எமில்டாவுக்கு மனசு கேட்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து, "அண்ணாச்சி, பயப்படாதீங்க. கெடாவுக்கு ஒண்ணும் ஆவாது. அன்னைக்கு மருந்தே ஊத்தல" என்றாள்.

"என்ன தாயி சொல்லுத?"

"சென்னையில இருந்து வந்த பெரியவியளுக்கு மருந்து வாடை ஆவாதாம். தும்மல் வருமாம். அதான் டேங்குல வெறும் தண்ணி. நீங்க போயி அந்தச் செடியப் பாருங்க. ஊருல எல்லாஞ் செடியும் காஞ்சு கெடக்கு, அது மட்டும் தளதளன்னு நிக்கி."

"அப்ப கெடாவ அவுத்து விட்டுரலாம்லா?"

"எப்படி விடுவாவ? தண்ணின்னு சொன்னா பெரியவிய பேரு கெடும். மருந்துன்னு சொன்னா உங்க கெடா பேரு மட்டுந்தான கெடும்."

இந்தக் கணக்கு இசக்கியப்பனுக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

காலையில் ஒரு வாளி, மத்தியானம் ஒரு வாளி, அலுவலகம் பூட்டும்போது ஒரு வாளி என்று சோதனை தொடர்ந்தது. ஊர் ஆடுகள் புறம்போக்குக்குப் போகமுடியாமல் வேலியோரச் சருகைத் தின்று விலா எலும்பு தெரிய நின்றன. அலுவலக முற்றத்தில் நாளுக்கு மூன்று குளியலும் அகத்திக்கீரையுமாகக் கிடா மினுமினுத்தது. இசக்கியப்பன் தினமும் போய் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, சிலுப்பிவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சுவார். அது சிலுப்பும். உடனே சிலுப்பாதே என்று நினைத்த பாவத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

கடைசியில் சுடலைமாடனின் பீடத்துக்கு முன்னால் போய் நின்று பேரம் பேசினார். "மாடா, நீரு சம்மதஞ் சொன்னது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சந்தோசம். ஆனா ஆபீஸ்ல வச்சுச் சொல்லாதீரும். அங்கன சும்மா இரும். கொடையன்னைக்கு இங்கன வந்து சொல்லும். ஒமக்குப் புண்ணியமாப் போவும்." சாமிக்கே புண்ணியம் சேர்த்துவிடுவதாகச் சொன்னது வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போதுதான் உறைத்தது.

சாமி பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார் போலிருக்கிறது. கொடைக்கு இரண்டு நாள் முன்பு எமில்டா தண்ணீர் ஊற்றினாள், கிடா சிலுப்பவில்லை. கண்ணை அரைகுறையாக மூடி, இன்னும் கொஞ்சம் ஊற்றேன் என்பது போல முதுகைக் காட்டியது. அத்தனை நாள் குளித்துக் குளித்து அதற்குப் பழகிப்போய்விட்டது.

இசக்கியப்பன் கும்பிட்டபடி உள்ளே ஓடினார். "சார், நடுக்கம் போச்சு. கெடாவக் குடுங்க."

ஜெயகணேஷ் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். "இது உங்க கிடா மட்டும் இல்ல, இசக்கியப்பன். நச்சிலிருந்து மீண்ட முதல் கால்நடை. இதுக்கு என்ன வைத்தியம் பார்த்தோம்னு சென்னையில கேப்பாங்க. ஒண்ணுமே செய்யாம குணமாக்குற முறைய இந்த அலுவலகம்தான் கண்டுபிடிச்சிருக்கு. இத மேடையில நிறுத்திக் காட்டணும். ஒவ்வொரு மாவட்டமா கொண்டுபோகணும்."

"எப்ப சார் திரும்ப வரும்?"

"அது மக்கள் சொத்து ஆயிடுச்சு" என்றார் ஜெயகணேஷ், குரல் தழுதழுக்க.

இசக்கியப்பன் பேயறைந்த மாதிரி வீட்டுக்கு வந்தார். செல்லத்தாயிடம் நடந்ததைச் சொன்னார். தவழ்ந்து வந்த பேத்தி அவர் வேட்டியைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தபோது பொங்கிப் பொங்கி அழுதுவிட்டார். ஆஸ்பத்திரியில் வராத அழுகை அப்போது வந்தது.

செல்லத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஏங்க, நீங்க அழுதா ஆபீஸ் அவுத்து விடுமாக்கும்? எல்லாரும் பாக்க நிறுத்தணும்னுதான அந்தாளுக்கு ஆசை? கொடைக்கு வாற கூட்டம் எந்த மேடைக்கு வரும்?" என்றவள், அந்தக் காலோடு அலுவலகத்துக்குப் போனாள். என்ன சொன்னாளோ, கொடையன்றே பொதுமக்கள் முன்னிலையில் இறுதிப் பரிசோதனை, பிறகு அங்கிருந்தே கிடா சென்னைப் பயணம் என்று முடிவாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானக் கொடை. வில்லுப்பாட்டு முழங்கிக்கொண்டிருக்க, கோயில் பந்தலுக்குக் குறுக்கே 'நச்சிலிருந்து மீண்ட முதல் கால்நடை' என்று பெரிய பேனர் கட்டினார்கள். வந்தவர்கள் அதைச் சுடலைமாடனின் புதுப் பட்டம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். கிடா மாலையும் மஞ்சள் வில்லையுமாக ஆட்டோவிலிருந்து இறங்கியது. ஜெயகணேஷ் தூக்கிப்பிடித்த செல்போனோடு அதன் பக்கத்திலேயே நடந்தார். வெளியே ஆட்டோ ஓடத் தயாராக நின்றது.

சாமியாடி சுடலைமுத்து மற்ற நாளில் மினிலாரி ஓட்டுகிறவர். சாமி வந்துவிட்டால் அவருக்கு யாரையும் தெரியாது. கையில் அரிவாளோடு ஆடிவந்து, ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் முதுகில் ஊற்றினார்.

கிடா சுகமாக அசைபோட்டது.

"முழு குணம்!" என்று செல்போனைப் பார்த்துச் சொன்னார் ஜெயகணேஷ்.

கூட்டம் கப்பென்று அடங்கியது. இன்னொரு செம்பு. கிடா கண்ணை மூடிக்கொண்டது. குத்தம் இருக்கு, என்னமோ குத்தம் இருக்கு என்று பின்னாலிருந்து முணுமுணுப்பு கிளம்பியது. ரம்யா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். இசக்கியப்பன் கையைக் கூப்பினார். மாடா, நான் பேரம் பேசினது தப்புதான், அந்தப் பிள்ளையை ஒன்றும் செய்துவிடாதே என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

செல்லத்தாய் மட்டும் முன்யோசனையோடு வந்திருந்தாள். சாதாத் தண்ணீருக்குக் கிடா மசியாது என்று அவளுக்குத் தெரியும். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து காலையிலேயே ஒரு ஐஸ் பாளத்தை வரவழைத்து அண்டாவில் போட்டு, மேலே மஞ்சளைக் கரைத்து வைத்திருந்தாள். இரண்டு ஆட்கள் ஒரு குடம் மொண்டு நீட்ட, சாமியாடி அதை வாங்கி ஓங்கி வீசினார். கிடா சாவகாசமாக ஒரு எட்டு முன்னே வைத்துத் தரையில் கிடந்த வாழைப்பழத் தோலைக் கவ்வியது. குடத்துத் தண்ணீர் மொத்தமும் குனிந்து படம் பிடித்துக்கொண்டிருந்த ஜெயகணேஷின் தலையில் விழுந்தது.

சித்திரை வெயிலில் வெந்திருந்த உடம்பு. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அவர் ஒரு சிலுப்புச் சிலுப்பினார். பல்லெல்லாம் தந்தியடித்தது.

கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் குலவை விட்டார்கள். சிலுப்பலைப் பார்த்ததும் வாய் தானாகக் கிளம்பிவிட்டது, சிலுப்பியது யார் என்று பிறகுதான் பார்த்தார்கள். வில்லுப்பாட்டுக்காரர் குடத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். சாமியாடி அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல நடந்துவந்து, ஜெயகணேஷை மேலும் கீழும் பார்த்து, அவர் கழுத்தைத் தடவினார்.

"ஏலே, நீயா சம்மதஞ் சொன்ன?"

"ந... நான் அரசு ஊழியர்" என்றார் ஜெயகணேஷ். நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

"எனக்கு எல்லாம் ஒண்ணுதாம்லே."

சாமியாடி சிரித்தாரா முறைத்தாரா என்று இன்றுவரை ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது. ஜெயகணேஷுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. சுற்றிலும் பார்த்தார். ஐந்நூறு பேர் வழியை அடைத்து நின்றார்கள். மேலதிகாரி சென்னையில் இருந்தார். அவர் கண்ணில் கிடாவின் காதில் தொங்கிய மஞ்சள் வில்லை பட்டது. பாய்ந்து அதை ஒரே இழுப்பில் பிடுங்கித் தன் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நான் கண்காணிப்புல இருக்கேன்! கண்காணிப்புல இருக்கிறத வெட்டக் கூடாது! எமில்டா, சொல்லுங்க! எமில்டா!"

"சேசுவே! ஆமா, வெட்டக் கூடாது. நகர்த்தவும் கூடாது" என்றாள் எமில்டா. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து விதியை ஒரு நாளும் அவள் தப்பாகச் சொன்னதில்லை.

காதிலிருந்து வில்லை போன எரிச்சலில் கிடா தலையை உதறியது. உதறல் கழுத்துக்கு இறங்கி, முதுகுக்குப் போய், வால் நுனி வரை ஓடி, முடியிலிருந்த மஞ்சள் தண்ணீரெல்லாம் நாலாபக்கமும் தெறித்தது. அப்படி ஒரு சிலுப்பலை ஊர் பார்த்ததில்லை. தெறித்த துளி ஒன்று ரம்யாவின் இடுப்பிலிருந்த குழந்தையின் நெற்றியில் விழ, அது வீறிட்டுச் சிரித்தது. குலவைச் சத்தத்தில் பந்தல் ஆடியது. வில்லை இல்லாத கிடாவுக்குக் கண்காணிப்பும் இல்லை. இசக்கியப்பன் மண்ணில் விழுந்து எழுந்து, மறுபடி விழுந்து, நெஞ்சிலிருந்த கல் இறங்கிப்போக, யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரியாமலேயே கிடாவையும் சாமியையும் எமில்டாவையும் சேர்த்துக் கும்பிட்டார். கிடா சாமிக்குப் போனது, கடன் தீர்ந்தது.

எல்லாம் முடிந்து பந்தியில் ஊரே உட்கார்ந்துவிட்டது. ஜெயகணேஷ் மட்டும் பந்தலின் நடுக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காதில் வைத்த வில்லையை எடுக்காமல் நின்றார். எடுத்தால் என்ன ஆகுமோ என்று பயம். வைத்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தை விட்டு நகரவும் கூடாது. அவர் போட்ட விதி.

எமில்டா செல்லத்தாயிடம் வந்தாள். "அக்கா, அவிய சாப்பிடவும் வரமாட்டேங்காவ, வீட்டுக்கும் போவமாட்டேங்காவ. என்ன செய்ய?"

செல்லத்தாய் சோற்றுவாளியோடு திரும்பி ஒரு தடவை அவரைப் பார்த்தாள். ஈரச் சட்டையில் மஞ்சள் வடிய, எச்சிலை விழுங்கிக்கொண்டு, மூக்கை நீட்டிக் குழம்பு வாசம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விடுளா, பசிச்சா அதுவே வந்து திங்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.